கிறிஸ்துவுக்குள் புது வாழ்க்கை: புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

ஞானஸ்நான ஆயத்த வகுப்புகளிலும், ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்திலும், இரவு பத்து மணிக்கு மேல் வரும் வாட்ஸ்அப் செய்திகளிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கிறிஸ்தவர் அல்லாத குடும்பத்திலிருந்து, தமிழ்நாட்டில், வளர்ந்த வயதில் இயேசுவை நம்பத் தொடங்கியவர்களுக்காக இதைத் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகள் இருக்கின்றன.

1. இயேசுவை ஏத்துக்கிட்டேன். இப்ப எனக்குள்ள என்னதான் மாறிடுச்சு?

கடவுளுக்கு முன்னால் நீங்கள் யார் என்பது மாறிவிட்டது. மன்னிப்புப் பெற்றவர், அவருடைய பிள்ளை, ஒரு சபையின் அங்கம். "ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்" என்று 2 கொரிந்தியர் 5:17 சொல்வது இதைத்தான். நேற்று வாங்கிய கடனும், சட்டென்று வரும் கோபமும், நடக்கிற வழக்கும், மாமியாரோடு உள்ள மனஸ்தாபமும் மாறவில்லை. அவை நாளைக் காலையிலும் அங்கேயே இருக்கும்.

இந்த வசனத்தைப் பவுல் யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். கொரிந்து சபையில் கோஷ்டிச் சண்டை இருந்தது, ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள், கர்த்தருடைய பந்தியிலேயே சிலர் குடிவெறியில் இருந்தார்கள். அத்தனையையும் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்) கண்டிக்கிறார். ஆனால் அதே நிருபத்தின் தொடக்கத்தில் அவர்களைப் பரிசுத்தவான்கள் என்று அழைத்துவிட்டுத்தான் கண்டிக்கத் தொடங்குகிறார். அடையாளம் முதலில் கொடுக்கப்படுகிறது, நடத்தை அதன் பின்னால் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதால்தான் பலர் மூன்றாவது மாதத்திலேயே சோர்ந்துபோகிறார்கள். கீழே வரும் பல பதில்கள் இதை வைத்தே நிற்கின்றன.

2. எனக்கு அழுகை வரல, கனவு வரல, ஒண்ணுமே ஃபீல் ஆகல. நெஜமாவே இரட்சிக்கப்பட்டேனா?

அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தைப் படியுங்கள். பிலிப்பி பட்டணத்தில் இரண்டு பேர் விசுவாசிகள் ஆகிறார்கள். சிறைக் காவலனுக்கு நள்ளிரவில் பூமியதிர்ச்சி, கதவுகள் திறக்கின்றன, நடுங்கிக்கொண்டு வந்து விழுகிறான். இரத்தாம்பரம் விற்கிற லீதியாளோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறாள், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறக்கிறார், அவ்வளவுதான். இருவருக்கும் ஒரே ஞானஸ்நானம்.

உணர்ச்சியை அளவுகோலாக வைத்தால் காய்ச்சல் வந்த நாளில் விசுவாசமும் போய்விட்டதாகத் தோன்றும். முன்பு உறுத்தாத பொய் இப்போது உறுத்துகிறதா, மன்னிப்புக் கேட்க மனம் வருகிறதா, இயேசுவைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

3. பைபிளை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? ஆதியாகமத்துல தொடங்கி லேவியராகமத்துல நின்னுட்டேன்.

பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று என்றால் இரண்டே கால் வாரம். ஓர் அதிகாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். அடுத்து யோவான், 21 நாள். பிறகு அப்போஸ்தலர், ரோமர். அதற்கப்புறம் ஆதியாகமத்துக்கும் யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரங்களுக்கும் போனால் பழைய ஏற்பாடு பிடிபடும். இரவில் படுக்கும் முன் ஒரு சங்கீதம். ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: இதில் கடவுளைப் பற்றி என்ன தெரிகிறது, என்னைப் பற்றி என்ன தெரிகிறது, எது புரியவில்லை. மூன்றாவது வரியை யாரிடமாவது கேட்க வேண்டும். அதற்காகத்தான் நோட்டு.

சபைகளில் அதிகம் புழங்குவது 19-ம் நூற்றாண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு. மனப்பாடம் செய்ய இனிமையானது, ஆனால் நிருபங்களில் நீண்ட வாக்கியங்கள் புதியவர்களைத் திணறடிக்கும். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இன்றைய தமிழில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. புராட்டஸ்டண்டு பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73. கூடுதலாக உள்ளவை பழைய ஏற்பாட்டுப் பகுதியில். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் வித்தியாசம் இல்லை.

4. ஜெபம் பண்ணத் தெரியல. பாஸ்டர் மாதிரி சரளமா வரல.

வர வேண்டியதில்லை. "ஸ்தோத்திரம்", "கிருபை", "அபிஷேகம்" என்று அடுக்கத் தெரியாததால் ஜெபம் குறைந்துபோகாது. வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். ஐந்து நிமிடம் போதும். வார்த்தை வராத நாளில் மத்தேயு 6:9–13-ல் உள்ள பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொல்லுங்கள். இயேசு சொன்ன உவமையில் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) செய்த ஜெபம் ஒரே வாக்கியம்தான், அது கேட்கப்பட்டது.

5. சி.எஸ்.ஐ., ஆர்.சி., லுத்தரன், பெந்தெகொஸ்தே... எல்லாரும் அவங்கதான் சரின்னு சொல்றாங்க. எங்க போறது?

திரித்துவம், கிறிஸ்துவின் சிலுவை மரணம், உயிர்த்தெழுதல், மறுவருகை ஆகியவற்றில் இந்தப் பெரிய மரபுகள் எல்லாம் ஒன்றாகவே நிற்கின்றன. ஞானஸ்நான முறை, திருவிருந்து, அதிகார அமைப்பு, மரியாளின் இடம், ஆவியின் வரங்கள் ஆகியவற்றில் வேறுபடுகின்றன. இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் முதல் மாதத்திலேயே தீர்த்தாக வேண்டியவையும் இல்லை.

பஸ் மாறாமல் போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு சபைக்குத் தொடர்ந்து நான்கு ஞாயிறு போங்கள். பிரசங்கம் வேதப் பகுதியை விளக்குகிறதா, அல்லது வசனத்தை ஒருதரம் வாசித்துவிட்டு வேறு எங்கோ போகிறதா? போதகர் யாருக்காவது பதில் சொல்லக் கடமைப்பட்டவரா (பேராயர், மூப்பர் குழு, கமிட்டி)? வரவு செலவுக் கணக்கு வருடம் ஒருமுறையாவது சபைக்கு முன் வைக்கப்படுகிறதா? நீங்கள் வராத ஞாயிறு யாராவது விசாரித்தார்களா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். உறவினர்கள் விலகிப்போன நேரத்தில் உங்களுக்குச் சோறு போடப்போவது அந்த விசாரித்த வீடுதான்.

"என்னை விட்டுப் போனால் சாபம் வரும்" என்று மிரட்டுகிறவர், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், இளம்பெண்களைத் தனியறையில் ஜெபிக்க அழைக்கிறவர், தீர்க்கதரிசனம் சொல்லிப் பணம் கேட்கிறவர்: இவர்களில் யாரைக் கண்டாலும் அந்த வாரமே வெளியேறுங்கள்.

6. ஞானஸ்நானம் எப்ப எடுக்கணும்? அன்னைக்கு என்ன நடக்கும்?

கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் உண்டு. வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின) இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் சேர்த்துப் பெறுவார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) வகுப்பு முடித்து ஞானஸ்நானம், பிறகு பேராயர் கையால் திடப்படுத்தல். பெந்தெகொஸ்தே, பாப்திஸ்து சபைகளில் முழுக்கு: தொட்டி, ஆறு அல்லது கடல். சில இடங்களில் விசுவாசித்த வாரமே கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சூழலில் சில மாதம் காத்திருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. குடும்பம், சான்றிதழ், திருமணம் பற்றி 8, 9, 11-ம் கேள்விகளில் சொல்வதைத் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவு பின்னால் ஆடாது. 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கொடுக்கவே கூடாது.

முழுக்கு என்றால் நனைந்தால் ஒட்டாத தடித்த, அடர்நிறத் துணி, மாற்று உடை, துண்டு எடுத்துப் போங்கள். மோதிரத்தையும் செயினையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வலிப்பு, ஆஸ்துமா, காதில் ஆபரேஷன், தண்ணீர்ப் பயம் இருந்தால் முன்தினமே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் உபவாசத்தோடு வந்து தண்ணீரில் மயங்கும் ஆபத்து உண்டு, ஆகவே சாப்பிட்டுவிட்டு வரலாம். சான்றிதழில் உங்கள் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள். பத்து வருடம் கழித்துத் திருத்தப் போனால் பழைய பதிவேட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

7. பேரை மாத்தியே ஆகணுமா?

இல்லை. அப்பொல்லோ, பெபேயாள், எப்பாப்பிரோதீத்து என்று புதிய ஏற்பாட்டில் வரும் பெயர்கள் கிரேக்க தெய்வங்களின் பெயரையொட்டி வந்தவை. ஒருவரும் அவர்களை மாற்றச் சொல்லவில்லை. சவுல் மனந்திரும்பியதும் பவுல் ஆனார் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. அப்போஸ்தலர் 9-ல் அவர் மனந்திரும்புகிறார், 13-ம் அதிகாரம் வரை சவுல் என்றே அழைக்கப்படுகிறார். பவுல் என்பது அவருக்கு ஏற்கெனவே இருந்த இன்னொரு பெயர். நம் ஊரில் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைப் பாடிய கிருஷ்ணப் பிள்ளை 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் சேர்ந்தது, கிருஷ்ணப் பிள்ளை அப்படியே நின்றது. சாது சுந்தர் சிங் கடைசிவரை சுந்தர் சிங்தான்.

விரும்பி மாற்றுகிறவர்கள் சபைக்குள் அழைக்கும் பெயராக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆவணங்களிலும் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியாக வேண்டும். அதன் பிறகே ஆதார், பான், வங்கி, பாஸ்போர்ட் என்று வரிசையாக மாற்ற முடியும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் பழைய பெயரிலேயே இருக்கும் என்பதால் அரசிதழ்ப் பிரதியை ஆயுள் முழுக்கப் பத்திரமாக வைக்க வேண்டும். ஒன்றில் மாற்றி மற்றதில் விட்டுவிட்டால் வேலைக்கும் விசாவுக்கும் போகும்போது சிக்குவீர்கள்.

8. எஸ்.சி. சர்டிபிகேட் வச்சிருக்கேன். ஞானஸ்நானம் எடுத்தா அது என்ன ஆகும்?

ஞானஸ்நானத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. 1950-ம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின்படி பட்டியல் சாதி நிலை இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும் மட்டுமே உண்டு. கிறிஸ்தவராக மாறினால் அந்தச் சலுகை சட்டப்படி இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள், எத்தனையாவது தலைமுறையானாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 18 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுப் பிரிவிலிருந்து 26.5 விழுக்காட்டுப் பிரிவுக்குப் போகிறீர்கள். அங்கே போட்டி அதிகம். பழங்குடியினருக்கு மத நிபந்தனை கிடையாது.

தீண்டாமை மதம் மாறியதும் நின்றுவிடவில்லை, ஆகவே இந்த விதி அநியாயம் என்று தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்றே நம்புகிறோம். ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான். ஞாயிறு ஆலயத்துக்குப் போய்க்கொண்டே சான்றிதழில் இந்து என்று வைத்திருக்கும் வழக்கம் பரவலாக உண்டு. கிறிஸ்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மேல் செய்யப்படும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்துப் புகார் வந்தால் வேலையே போகலாம். இதை மறைத்து ஞானஸ்நானம் கொடுக்கும் போதகர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், குடும்பத்தோடு பேசுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

9. அப்பா சொத்துல பங்கு போயிடுமா? கல்யாணம் எந்தச் சட்டத்துல?

மதம் மாறியதால் மட்டும் உங்கள் வாரிசு உரிமை போகாது. 1850-ம் ஆண்டுச் சட்டமே அதைக் காக்கிறது. ஆனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ம் பிரிவின்படி, நீங்கள் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது, வாரிசுரிமை வரும் சமயத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. அப்பா தன் சுயசம்பாத்தியத்தை உயில் மூலம் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பது எல்லாக் குடும்பத்துக்கும் பொது.

ஏற்கெனவே நடந்த திருமணம் ஞானஸ்நானத்தால் முறியாது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் மதமாற்றத்தைக் காரணம் காட்டித் துணைவர் விவாகரத்துக் கேட்க முடியும். புதிதாகத் திருமணம் செய்வதென்றால், மணமக்களில் ஒருவராவது கிறிஸ்தவர் என்றால் 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டமும் உண்டு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கோயிலில் தாலி கட்டி இந்து திருமணமாகப் பதிவது இப்போது உங்களுக்குச் செல்லாது.

10. சாதி போயிடும்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. சபைக்குள்ளயே சாதி இருக்கே?

இருக்கிறது. மறைக்க மாட்டோம். கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை, பெண் எடுப்பதில் சாதி, பேராயத் தேர்தலில் சாதிக் கணக்கு எல்லாம் உண்டு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைகளில் சாதியை உடனடியாக, முற்றாகக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சைப் பகுதியில் அதை ஏற்காமல் எத்தனையோ பேர் விலகினார்கள். இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது.

இது சுவிசேஷத்துக்கு விரோதமான பாவம், ஊர்ப் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதிக் (யூதரல்லாத) கிறிஸ்தவர்களோடு சாப்பிடுவதை நிறுத்தியபோது பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2). அப்போஸ்தலனே ஆனாலும் பந்தி விலகினால் அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்குப் புறம்பு என்பதுதான் அவர் வாதம். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற வாக்கியம் அதற்கு அடுத்த அதிகாரத்தில் வருகிறது. ஆகவே தனிப் பந்தி, தனிக் கல்லறை வைத்திருக்கும் சபையில் நீங்கள் ஏற்றுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். மாறாவிட்டால் வேறு சபை தேடுங்கள். உங்கள் புதிய அடையாளம் அந்தச் சபையார் தந்ததல்ல, அதை அவர்களால் எடுக்கவும் முடியாது.

11. வீட்ல ஒத்துக்கல. அம்மா அழுதுட்டே இருக்காங்க. என்ன பண்றது?

நான்கு தவறுகளைச் செய்யாமல் இருந்தாலே பாதி கடந்துவிடும். சாமி படங்களைக் கழற்றி எறிவது, பண்டிகை நாளில் அறிவிப்பது, அம்மாவின் பக்தியைப் பிசாசு என்று திட்டுவது, கூட்டம் கூட்டம் என்று வீட்டு வேலையை விடுவது. பூஜையறை அவர்களுடையது. உங்கள் பொறுப்பில் உள்ளதை மட்டும் மாற்றுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களை இயேசு கடிந்துகொள்வது மாற்கு 7-ல் இருக்கிறது. மாதம் அனுப்பும் பணம் ஒரு ரூபாயும் குறையக் கூடாது.

கணவனோ மனைவியோ நம்பவில்லை என்றால் 1 கொரிந்தியர் 7:12–16. சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரியாதே என்பதுதான் அதன் சுருக்கம். அடி உதை என்றால் நிலைமை வேறு. பெண்கள் 181-ஐ அழைக்கலாம். சகித்துக்கொண்டு அங்கேயே இருப்பதுதான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் மதம் மாறுவதற்கு 60 நாள் முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

12. பிரசாதம் சாப்பிடலாமா? பொட்டு, தாலி? அப்பா செத்தா கொள்ளி வைக்கலாமா?

1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை இதற்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு. விருந்துக்குக் கூப்பிட்டால் போய், வைத்ததைச் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், அவருடைய மனச்சாட்சியின் நிமித்தம் வேண்டாம். வழிபாட்டிலேயே பங்கு கொள்ளாதே. பக்கத்து வீட்டுக்காரர் பொங்கல் கொடுத்தால் அன்பாக வாங்கிக்கொள்ளுங்கள். தட்டி விடுவது சாட்சி அல்ல.

பொட்டும் தாலியும் சபைக்குச் சபை வேறுபடும். இந்துக் கணவரோடு வாழும் பெண் திடீரென்று தாலியைக் கழற்றினால் ஊர் அதை எப்படிப் படிக்கும் என்று யோசியுங்கள். கழற்ற வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

கொள்ளி கடினமான கேள்வி. சிதைக்குத் தீ வைப்பது மகனின் கடமை, அதில் தவறில்லை என்று சில போதகர்கள் சொல்கிறார்கள். சடங்கின் பகுதி என்பதால் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். பிண்டம் வைப்பது, திதி கொடுப்பது கூடாது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். எந்த முடிவானாலும் அப்பா உயிரோடு இருக்கும்போதே தம்பியிடமும் சித்தப்பாவிடமும் பேசி வையுங்கள். சாவு வீட்டு வாசலில் முதல்முறையாகச் சொன்னால் அந்தக் காயம் ஆறாது. தோள் கொடுங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், கடைசி ஆள் போகும்வரை நில்லுங்கள்.

13. குடியை விட்டேன், சாட்சி கூட சொன்னேன். மறுபடி குடிச்சிட்டேன். அப்ப எல்லாம் பொய்யா?

பொய் இல்லை. 1-ம் கேள்வியின் வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் குடிக்காததால் பிள்ளையாகவில்லை, ஆகவே குடித்ததால் பிள்ளையல்லாமல் போகவும் இல்லை. மூன்று முறை மறுதலித்த பேதுருவை இயேசு கடற்கரையில் மூன்று முறை கேட்டு மறுபடி வேலையில் நிறுத்தினார். அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அடுத்த வாரமும் குடிப்பீர்கள்.

தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. கடைசியாகக் குடித்த சுமார் 6 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் பிதற்றல், இல்லாதது தெரிவது, காய்ச்சல் என்று முற்றலாம். அந்த நிலையில் இருப்பவரைப் பிசாசு பிடித்தவர் என்று உபவாச ஜெபத்தில் பூட்டி வைத்தால் செத்துப்போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் சில நாட்களில் அபாயத்தைக் கடக்க வைக்கும். 104-ஐ அழைத்து வழி கேட்கலாம். ஜெபம் கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கட்டும்.

அதற்கப்புறம் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் காப்பாற்றுகின்றன. டாஸ்மாக் இல்லாத தெரு வழியாக வீடு திரும்புவது, சம்பளம் நேராக மனைவி கணக்குக்குப் போவது, சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை யாரோடாவது இருப்பது. திருவிருந்தில் சில சபைகள் உண்மையான திராட்சரசம் தருகின்றன. போதகரிடம் முன்பே சொல்லி அப்பம் மட்டும் வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மேடையில் சாட்சி சொல்வதைக் குறைந்தது ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள். கைதட்டல் வாங்கியவருக்கு விழுந்ததைச் சொல்வது இன்னும் கஷ்டம்.

14. டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடறேன். இது விசுவாசக் குறைவா?

இல்லை. எலியா சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்தபோது தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை, சாப்பிட வைத்தான், தூங்க விட்டான், மறுபடி சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19). பவுலோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரும், நோயும் திரும்பும். குறைப்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 14416-ஐ இப்போதே அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

15. நம்பிக்கை நம்பிக்கைன்னு சொல்றீங்க. கடன் தீருமா, வேலை கிடைக்குமா?

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். காலண்டர்களில் அதிகம் அச்சாகும் வாக்குத்தத்தம் எரேமியா 29:11. உங்கள் பேரில் சமாதானத்துக்கேற்ற நினைவுகள் எனக்கு உண்டு என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகு. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், அதைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்தார்கள். ஆனாலும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது.

கிறிஸ்தவ நம்பிக்கை ஒரு நிகழ்ச்சியின் மேல் நிற்கிறது: இயேசு மரித்தோரிலிருந்து எழுந்தார். பேதுரு தன் முதல் நிருபத்தில் "ஜீவனுள்ள நம்பிக்கை" என்று சொல்வது அதைத்தான், அதுவும் உபத்திரவப்படுகிறவர்களுக்கு. அவர் எழுந்தது உண்மையானால் கந்துவட்டிக்காரன் உங்கள் வாசலில் நிற்கும் நாளிலும் உங்கள் முடிவை அவன் எழுத முடியாது. அது உண்மையில்லை என்றால் வேலை கிடைத்தாலும் பெரிய பயன் இல்லை. பவுலே 1 கொரிந்தியர் 15-ல் அப்படித்தான் வாதாடுகிறார். கடனுக்கு வேறு வேலை செய்ய வேண்டும்: எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடைப்பது. சபையில் கணக்குத் தெரிந்த ஒருவரோடு உட்காருங்கள்.

16. கடன் இருக்கும்போதும் தசமபாகம் குடுக்கணுமா?

பத்தில் ஒன்று நல்ல பழக்கம். ஆனால் 2 கொரிந்தியர் 9:7 விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்கிறது. கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். பள்ளிக் கட்டணத்தை எடுத்துப் போடாதீர்கள். விதை விதைத்தால் நூறாக வரும் என்று தொகை சொல்லிக் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம் (5-ல் சொன்ன அடையாளங்களில் ஒன்று இது). கொடுப்பதற்கு ரசீது கேளுங்கள்.

17. கடவுள் மன்னிச்சுட்டார்னா, நான் ஏமாத்தின ஆளுக்கு ஏன் இன்னும் பதில் சொல்லணும்?

மன்னிக்கப்பட்டதால்தான். வரி வசூலிப்பவனான சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று சொன்னது இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு, வருவதற்கான கட்டணமாக அல்ல. பணம் என்றால் திருப்பிக் கொடுங்கள், முடியாவிட்டால் மாதத் தவணை எழுதிக் கொடுங்கள். வழக்கு என்றால் வக்கீலோடு போய் ஆஜராகுங்கள்.

அடித்திருந்தால், பாலியல் கொடுமை செய்திருந்தால், பாதிக்கப்பட்டவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்காதீர்கள். அது அவருக்கு இரண்டாவது கொடுமை. நடுவில் ஒருவர் மூலம் அவருக்கு விருப்பமா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் அதோடு விலக வேண்டும். குற்றத்துக்கான சட்டப் பொறுப்பு அப்போதும் உங்கள் மேல் இருக்கிறது. சாட்சி சொல்லும்போதும் உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள், அதில் அகப்பட்ட மற்றவர் யாரென்று தெரியும் அளவுக்கு எதையும் சொல்லாதீர்கள்.

18. ரெண்டு வருஷம் ஆச்சு. சந்தேகமா இருக்கு. சில நாள் கடவுளே இல்லையோன்னு தோணுது. யார்கிட்டயும் சொல்ல முடியல.

யோவான்ஸ்நானகன் சிறையிலிருந்து ஆள் அனுப்பி, "வருகிறவர் நீர்தானா" என்று கேட்டான். இயேசு அவனைத் திட்டவில்லை. நடந்தவற்றைச் சொல்லி அனுப்பினார், பிறகு ஜனங்களிடம் அவனைப் புகழ்ந்தார். சங்கீதம் 88 முழுக்க இருட்டு, கடைசி வரியிலும் வெளிச்சம் இல்லை. அதுவும் வேதத்தில் இருக்கிறது.

எந்த வகைச் சந்தேகம் என்று பிரித்துப் பாருங்கள். உயிர்த்தெழுதல் நடந்ததா, சுவிசேஷங்களை நம்பலாமா என்பது போன்றவற்றுக்குப் படித்தவர்களிடம் கேட்டுப் பதில் தேடலாம், தேடவும் வேண்டும். சபையில் யாரோ காயப்படுத்தியதால் வந்தது என்றால் 5, 10-ல் சொன்னதைப் பாருங்கள். சபை மாற்றுவதும் விசுவாசத்தை விடுவதும் ஒன்றல்ல. தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல் எல்லாமே வெறுமையாக இருந்தால் அது 14-ம் கேள்வி, டாக்டரைப் பாருங்கள். ஜெபம் வரவில்லை என்றால் 88-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அன்றைக்கு அதுவே ஜெபம். நீங்கள் நம்பும் ஒரே ஒருவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அவர் அதிர்ச்சியடைந்து உபதேசம் செய்தால் இன்னொருவரிடம் சொல்லுங்கள்.